ரெண்டாம் நம்பர் மெஷின்: கர்னலின் திருகுகளை யார் திருகுவது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு கம்ப்யூட்டர் வரலாறு. ஆனா அதை ஆரணியிலிருந்துதான் ஆரம்பிக்கணும். ஆரணின்னதும் பட்டுப்புடவை ஞாபகம் வந்தா, அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் சொல்றது பெரியபாளையம் பக்கத்துல, ஆரணியாற்றங்கரையில இருக்கிற எங்க ஆரணி. விடியறதுக்கு முன்னாடியே கும்மிடிப்பூண்டி சிப்காட் போற கம்பெனி பஸ்கள் வந்து ஆள் ஏத்திக்கிட்டுப் போகும். ஆறு மணி ஷிப்ட்டுக்கு.

2014ல எனக்கு முதல் வேலை, ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில. அந்த சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு நாங்க வருகைப்பதிவு சிஸ்டம் போட்டுக் குடுத்திருந்தோம். வாசல்ல விரல் வைக்கிற மெஷின் ரெண்டு. ரெண்டும் ஒரே ரவுட்டர் வழியா சென்னையில இருக்கிற எங்க சர்வருக்குத் தகவல் அனுப்பும். சர்வர்ல பதிவாகிற நேரம்தான் ஆள் வந்த நேரம். (இது முட்டாள்தனமான டிசைன்னு இப்ப தெரியுது. அப்ப யாரும் யோசிக்கல.) ஆறு பத்தைத் தாண்டிப் பதிவானா காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சு.

எங்க தெருவிலிருந்தே அந்த பஸ்ல போற ஒரு அண்ணன் ஒருநாள் சாயங்காலம் என்னை நிறுத்திக் கேட்டார். "தம்பி, அந்த மெஷின் உங்க கம்பெனிதாமே? ரெண்டாம் நம்பர்ல வெரல் வச்சா அரை நாள் காலி. இந்த மாசம் எனக்கு மட்டும் நாலு வாட்டி."

நான் போய்ப் பார்த்தேன். மத்தியானம் பதினொரு மணிக்கு. ரெண்டு மெஷினும் அம்சமா வேலை செஞ்சது. திரும்பி வந்துட்டேன். மறுநாள் காலையில மறுபடி அதே புகார். செக்யூரிட்டி அண்ணன் ரெண்டாம் நம்பரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்ல. அப்புறம் ஒருநாள் கரன்ட் போய் வந்தது. அன்னைக்கு ரெண்டாம் நம்பர் சரியாயிடுச்சு, ஒண்ணாம் நம்பர் படுத்துருச்சு. பேய் பிடிச்ச மாதிரி இருந்தது.

பேய் இல்ல. சர்வர்ல நான் போட்ட ஒரு வரி. அது என்ன வரின்னு சொல்றதுக்கு முன்னாடி, அப்படி ஒரு வரி போடுற வசதி ஏன் இருக்குன்னு சொல்லணும். அதுதான் இன்னைக்குக் கதை.

கம்ப்யூட்டரோட மையத்தில், வன்பொருளுக்கும் ஆப்களுக்கும் நடுவில் உட்கார்ந்து எல்லாத்தையும் பங்கிட்டுக் கொடுக்கிற மென்பொருளுக்குப் பேர் கர்னல். எந்த ஆப்புக்கு எவ்வளவு நினைவகம், எந்த இணைப்புக்கு எவ்வளவு பஃபர், ப்ராசஸர் எந்த வேகத்தில் ஓடணும், எல்லாம் அது எடுக்கிற முடிவு. அந்த முடிவுகளுக்குப் பின்னால் எண்கள் இருக்கு. லினக்ஸ் கர்னல்ல நிர்வாகி மாத்தக்கூடிய அந்த மாதிரி எண்கள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொண்ணும் ஒரு திருகு. யார் திருகணும்? மனுஷனா, கர்னலேவா?

இது இன்னைக்கு ஏஐ காலத்துல வந்த கேள்வின்னு நினைச்சுட்டா தப்பு. 1962 டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் அட்லஸ் என்ற கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தார்கள். அதில் வேகமான நினைவகம் 32 பக்கங்கள்தான் கொள்ளும். ஒரு பக்கத்துக்கு 512 சொற்கள். மீதி எல்லாம் சுழலும் காந்த உருளையில். புதுப் பக்கம் உள்ளே வரணும்னா பழையது ஒண்ணை வெளியே அனுப்பணும். எதை அனுப்புவது? அதுக்கு முன்னால் இந்தக் கவலை புரோகிராம் எழுதுறவங்க தலையில் இருந்தது. அட்லஸ் அதைத் தானே செய்தது. ஒவ்வொரு பக்கமும் கடைசியாப் பயன்பட்டு எவ்வளவு நேரம் ஆச்சு, அதுக்கு முந்தைய தடவை எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று ரெண்டு கணக்கு வைத்துக்கொண்டது. இந்தப் பக்கம் இப்போதைக்குத் தேவைப்படாது என்று அதிலிருந்து ஊகித்தது. அந்தப் பகுதிக்கு அதை உருவாக்கியவர்கள் வைத்த பெயரே 'கற்கும் நிரல்'. அறுபது வருஷத்துக்கு முன்னாடி!

அது எப்படி வேலை செஞ்சது? ஒரே சுழற்சியில் திரும்பத் திரும்ப ஓடுகிற கணக்குகளுக்குப் பிரமாதம். அப்படி ஓடாத வேலைகளுக்கு இதைவிட எளிமையான விதிகளே மேல் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. தானாகக் கற்கிற முதல் ஏற்பாட்டிலேயே அந்தச் சிக்கல் இருக்கு: அது எந்த மாதிரி வேலையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதோ, அந்த மாதிரி வேலைக்குத்தான் புத்திசாலி.

அதுக்கப்புறம் யுனிக்ஸ் காலம். பெர்க்லி யுனிக்ஸில் 'மேக்ஸ்யூசர்ஸ்'னு ஒரு எண் இருந்தது. பேரைப் பார்த்தா எத்தனை பேர் லாகின் பண்ணலாம்ங்கிற வரம்பு மாதிரி இருக்கும். இல்ல. அந்த ஒரு எண்ணை வைத்து கர்னல் தன் பட்டியல்கள் எவ்வளவு பெரிசா இருக்கணும்னு கணக்குப் போட்டுக்கொள்ளும். மாத்தணும்னா கர்னலையே மறுபடி கம்பைல் பண்ணி, மெஷினை நிறுத்திக் கிளப்பணும். பின்னால் லினக்ஸ் வந்தபோது இந்த எண்களை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாத்தும் வசதி வந்தது. ஒரு ஃபைல்ல ஒரு வரி எழுதினாப் போதும். வசதிதான். ஆனா வசதி வந்ததும் என்னை மாதிரி ஆட்களும் வந்துட்டோம்.

நடுவில் 1986 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவம். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. நாற்பதாயிரம் இல்ல, வெறும் நாற்பது. நடந்து போய்ச் சொல்லிட்டு வந்திருக்கலாம். வான் ஜேக்கப்சன் அதை நோண்டினார். நெரிசல் வந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரும் போன பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை இன்னும் கூட்டுகின்றன என்று கண்டார். அவர் செய்த மாற்றத்தால் அனுப்புகிற கர்னல் பாக்கெட் தொலைவதைக் கவனித்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள ஆரம்பித்தது. 1988ல் கட்டுரையாக வந்தது. நீங்க இந்த எபிசோடை டவுன்லோட் பண்ணினபோதும் அந்தப் பரம்பரையில் வந்த ஏதோ ஒரு கணக்குதான் ஓடியிருக்கும். யாரும் அதைத் திருகுன்னு நினைக்கிறதே இல்ல.

அடுத்த திருகு, பஃபர் அளவு. இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். பழைய டிசிபி விதிப்படி, பதில் வருவதற்குள் அதிகபட்சம் 64 கிலோபைட்தான் அனுப்ப முடியும். சென்னையிலிருந்து அமெரிக்கா போய்த் திரும்ப கால் நொடின்னு வச்சுக்கோங்க. நொடிக்கு நாலு தடவை 64 கிலோபைட். அதாவது சுமார் 2 மெகாபிட். நீங்க 10 மெகாபிட் லைன் போட்டிருந்தாலும் அந்த ஒரு இணைப்பில் உங்களுக்குக் கிடைப்பது 2. பக்கத்துத் தெருவுக்கு இது தொல்லை இல்ல, தூரமா இருக்கிறவனுக்குத்தான் தண்டனை. 1992லேயே இந்த வரம்பைத் தாண்ட வழி வந்துவிட்டது. ஆனால் பஃபரை எவ்வளவு வைப்பது என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் யாராவது கணக்குப் போட்டுக் கையால் மாத்தணும். கணக்குத் தெரிஞ்சவனுக்கு முழு வேகம், தெரியாதவனுக்குக் கிடைச்சது. பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தில் இருந்த மேத்யூ மேத்திஸ் இதுக்கு ஒரு நல்ல பேர் வைத்தார்: மந்திரவாதி இடைவெளி. நெட்வொர்க் மந்திரவாதிக்குக் கிடைக்கும் வேகத்துக்கும் சாதாரண ஆளுக்குக் கிடைக்கும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்.

1998ல் அவரும் ஜெஃப்ரி செம்கி, ஜம்ஷித் மஹ்தவியும் சேர்ந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் எவ்வளவு பஃபர் தேவை என்று கர்னலே பார்த்துக் கூட்டிக் குறைக்கும் முறையை வெளியிட்டார்கள். அப்புறம் இந்தச் சிந்தனை லினக்ஸுக்குள் படிப்படியாக வந்தது. 2007 தொடக்கத்தில் விண்டோஸ் விஸ்டாவிலும் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. சில பழைய ரவுட்டர்களுக்கு இந்தப் புது முறை ஒத்துக்கல, இணைப்பு மந்தமாச்சு. உடனே 'ஆட்டோ-ட்யூனிங்கை அணைத்துவிடுங்கள், நெட் பறக்கும்' என்ற அறிவுரை உலகம் பூராப் பரவியது. ரவுட்டர் மாத்தின பிறகும் பல பேர் அதை அப்படியே அணைச்சு வச்சிருந்தாங்க. அணைக்கிற கட்டளையை ஒப்பிக்கத் தெரிஞ்சவங்க இருந்தாங்க, ஏன் அணைச்சோம்னு கேட்டா பதில் கிடையாது.

இதே சமயத்துல ப்ராசஸர் பக்கமும் திருகு கர்னல் கைக்குப் போச்சு. இன்டெலில் இருந்த வெங்கடேஷ் பல்லிபாடி எழுதிய 'ஆன்டிமாண்ட் கவர்னர்' 2004ல் லினக்ஸில் சேர்ந்தது. வேலை வந்தா வேகத்தைக் கூட்டும், சும்மா இருந்தா இறக்கும். பேட்டரி ரொம்ப நேரம் நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம். அது தனி எபிசோடுக்கான விஷயம், விட்டுடுறேன்.

சரி, பஃபரைக் கர்னல் தானே பெரிசாக்கிக்குது, வேகம் கிடைச்சாச்சு. பிரச்சினை முடிஞ்சதா? இங்கதான் கதை திரும்புது.

2010ல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டில் ஒரு பெரிய ஃபைலை அனுப்பும்போது, மத்த எல்லாமே ஒரு நொடிக்கு மேல் தாமதமாவதைக் கவனித்தார். காரணம், வழியில் இருக்கும் ரவுட்டர்களிலும் மோடம்களிலும் மெமரி மலிவானதால் பெரிய பெரிய பஃபர் போட்டிருந்தார்கள். ஜேக்கப்சனின் ஏற்பாடு பாக்கெட் தொலைந்தால்தான் நெரிசலை உணரும். பெரிய பஃபரில் எதுவும் சீக்கிரம் தொலையாது. வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்த 64 கிலோபைட் வரம்பே வரிசை நீளாமல் காப்பாற்றியது. கர்னல் தன்னைத்தானே திருகிக்கொள்ளக் கற்றதும், கிடைத்த பஃபரை எல்லாம் நிரப்பியது. வேகத்தை மட்டும் அளந்த தானியங்கி, காத்திருப்பை அளக்கவே இல்ல. அது சொன்னதைச் சரியாத்தான் செஞ்சது. சொன்னதுதான் அரைகுறை.

எங்க பக்கம் ஏரி பார்த்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். ஏரியில மதகு இருக்கும், அதை ஆள் போய்த் திறக்கணும். கலங்கலும் இருக்கும், அதுக்கு ஆளே வேண்டாம், தண்ணி அந்த மட்டத்துக்கு வந்தா தானா வழிஞ்சு போகும். சாதாரண ரவுட்டர் பஃபர் ஒரு கலங்கல். நிரம்பினா வழியும், அவ்வளவுதான். ஒரே வித்தியாசம், ஏரி நிரம்பினா ஊருக்குச் சந்தோஷம். பஃபர் நிரம்பினா உங்க வீடியோ கால்ல அம்மாவோட முகம் உறைஞ்சு நிக்கும்.

நிரம்பறதுக்கு முன்னாடியே பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்து எச்சரிக்கலாமே? சாலி ஃப்ளாய்டும் ஜேக்கப்சனும் 1993லேயே 'ரெட்' என்ற முறையில் அதைச் சொன்னார்கள். ஆனால் அதை ஓட்டச் சில எண்களைச் சரியாக வைக்கணும், ஒரு லைனுக்குச் சரியான எண் இன்னொண்ணுக்குத் தப்பு. அதனால் பெரும்பாலான இடங்களில் அதை ஆன் பண்ணவே இல்ல. 19 வருஷம் கழித்து, 2012ல், ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கோல்ஸும் 'கோடெல்' என்ற அடுத்த முறையைக் கொண்டுவந்தபோது வைத்துக்கொண்ட முக்கியமான நிபந்தனை: திருகே இருக்கக் கூடாது. அது மட்டத்தைப் பார்க்காது. ஒவ்வொரு பாக்கெட்டையும் 'நீ எப்ப வந்தே?'ன்னு கேட்கும். 100 மில்லிநொடி பூராவும் குறைந்தபட்சக் காத்திருப்பே 5 மில்லிநொடிக்கு மேல் இருந்தா, பாக்கெட்டை உதிர்க்க ஆரம்பிக்கும். லைன் வேகம் எவ்வளவா இருந்தாலும் இந்தக் கேள்வி மாறாது. அதே வருஷம் லினக்ஸில் சேர்ந்துவிட்டது.

இதில் நம்ம நாட்டுப் பங்கும் உண்டு, அதிகம் பேசப்படாதது. இதே காலத்தில் சிஸ்கோவில் ரோங் பான், ப்ரீத்தி நடராஜன் உள்ளிட்டவர்கள் 'பை' என்று இன்னொரு முறையை உருவாக்கினார்கள். அது வரிசையின் தாமதத்தை அடிக்கடி கணித்து, எத்தனை பாக்கெட்டை உதிர்ப்பது என்பதைக் கூட்டிக் குறைக்கும். அந்தக் கூட்டல் குறைத்தலின் அளவையும் நிலைமைக்கு ஏற்பத் தானே மாத்திக்கொள்ளும். நெரிசல் லேசாக இருந்தா சின்ன அடி, முற்றினா பெரிய அடி. மங்களூர் பக்கத்தில் சூரத்கல்லில் இருக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் மோஹித் தஹிலியானியும் அவர் மாணவர்களும் இதை எடுத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கொடுத்து, அதன் மேல் 'பை' ஓடும்படி லினக்ஸ் கர்னலுக்கு எழுதினார்கள். அது சேர்ந்த 5.6 பதிப்பு வெளியான தேதி 2020 மார்ச் 29. நாடு பூரா ஊரடங்கு தொடங்கி நாலு நாள். ஒரே வீட்டு வைஃபையில அக்காவுக்கு ஆபீஸ் மீட்டிங், தம்பிக்கு ஆன்லைன் கிளாஸ், அப்பாவுக்கு யூட்யூப்னு நாம எல்லாரும் அடிச்சுக்கிட்ட அதே வாரங்கள். அந்த நிரல் உடனே நம்ம வீட்டு ரவுட்டருக்குள்ள வந்துடல, ரவுட்டர் கம்பெனிகள் அவ்வளவு சுறுசுறுப்பு இல்ல. இருந்தாலும், காலேஜ் பசங்க எழுதின கோடு கர்னல்ல இருக்குன்னு நினைக்கிறப்ப எனக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருக்கும்.

ஏன்னா, அவங்க எழுதினது அது. நான் எழுதினது இது.

எங்க சர்வர்ல ஒருநாள் இணைப்புப் பட்டியலைப் பார்த்தேன். 'டைம்-வெயிட்'ங்கிற நிலையில ஆயிரக்கணக்கான இணைப்புகள். ஒரு இணைப்பு முடிஞ்சதும் கர்னல் அதை உடனே மறக்காது. வழிதவறி லேட்டா வர்ற பாக்கெட் புது இணைப்புல போய்க் குழப்பிடக்கூடாதுன்னு ஒரு நிமிஷம் ஞாபகத்துல வச்சிருக்கும். அது ஒரு நோயே இல்ல. எனக்கு அது தெரியாது, பயந்துட்டேன். தேடினேன். 'லினக்ஸ் வேகத்துக்குப் பத்து வரிகள்'னு ஒரு பட்டியல் கிடைச்சது. அப்படியே ஒட்டினேன். அதில் ஒண்ணு 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்'. நிபுணர்கள் சொன்னாலன்றி இதைத் தொடாதீங்கன்னு கர்னலோட கையேட்டுலேயே போட்டிருந்தது. பட்டியல் போட்டவர் நிபுணர்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அந்தத் திருகு என்ன செய்யும்னா, டைம்-வெயிட்டைச் சீக்கிரம் முடிச்சுடும். அதுக்குப் பாதுகாப்பா, ஒரு முகவரியிலிருந்து கடைசியா வந்த பாக்கெட்டோட நேரமுத்திரையை ஞாபகம் வச்சுக்கும். அதே முகவரியிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள்ள அதைவிடப் பழைய முத்திரையோட புது இணைப்பு கேட்டா, சத்தமே இல்லாம தூக்கிப் போட்டுடும். ஒரு முகவரின்னா ஒரு கம்ப்யூட்டர்ங்கிறது அதோட நம்பிக்கை. ஆனா எங்க ரெண்டு மெஷினும் ஒரே ரவுட்டருக்குப் பின்னாடி. சர்வருக்கு ரெண்டும் ஒரே முகவரி. முத்திரை மெஷின் கிளம்பின நேரத்திலிருந்து எண்ணப்படும். எது அப்புறமாக் கிளம்புச்சோ அதோட எண் சின்னது. ஒண்ணாம் நம்பர்ல விரல் விழுந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் ரெண்டாம் நம்பருக்கு வாசல் திறக்காது. ஷிப்ட் நேரத்துல கூட்டம், அதனால அப்பதான் அடைபடும். மத்தியானம் யாரும் இல்ல, அதனால நான் போனப்ப எல்லாம் சரி. செக்யூரிட்டி அண்ணன் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாரே, அதுல அதோட எண் இன்னும் சின்னதாச்சு.

அந்த 2014லேயே வின்சென்ட் பெர்னா இதைப் பத்தித் தெளிவா எழுதியிருந்தார். நான் கண்டுபிடிச்சது தாமதமாத்தான். ஒரு வரியை அழிச்சேன், அடுத்த ஷிப்ட்லேயே ரெண்டு மெஷினும் சரி. தொழிற்சாலைக்கு எங்க கம்பெனி அனுப்பின மெயில்ல 'நெட்வொர்க் கோளாறு'ன்னு இருந்தது. வெட்டின அரை நாட்களைத் திருப்பித் தர முடியுமான்னு நான் கேட்டேன். போன மாசக் கணக்கை மூடியாச்சுன்னு பதில் வந்தது. எத்தனை பேர், எத்தனை அரை நாள்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. பதிவுகளை எடுத்து எண்ணியிருக்கலாம். எண்ணல.

2017ல் கர்னல்காரர்கள் அந்தத் திருகையே பிடுங்கி எறிந்தார்கள். 4.12 பதிப்பிலிருந்து அது கிடையாது. தானாகச் சரிசெய்துகொள்ளும்படி மாத்தல, எச்சரிக்கையைப் பெரிசா எழுதல, எடுத்தே விட்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு அது.

இப்ப அடுத்த அலை. 2023ல் ஆரக்கிள் 'பிபிஎஃப்டியூன்'னு ஒண்ணை வெளியிட்டது. கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சின்னச் சின்ன நிரல்களை வைத்து, எந்தப் பட்டியல் நிரம்பப் போகுது, எந்த பஃபர் பத்தலன்னு பார்த்து அந்தந்தத் திருகை அதுவே திருகும். இயந்திரக் கற்றல் வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள், அட்லஸின் பேரப்பிள்ளைகள். பிபிஎஃப்டியூனில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. ஒரு எண்ணை மனுஷன் கையால் மாத்தினா, அந்தத் திருகை அது தொடாது. உங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும்னு ஒதுங்கிக்கொள்ளும். மரியாதையான விதி. 2014ல் அது இருந்து, அந்தத் திருகையும் அது கவனிச்சிருந்தா, என்னைப் பார்த்தும் அப்படித்தான் ஒதுங்கியிருக்கும்.

போன வருஷம் வேறொரு இடத்துல ஒரு புது சர்வரைப் பார்க்கச் சொன்னாங்க. கிளம்பும்போதே திரையில ஒரு பிழைச்செய்தி ஓடுச்சு: 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்' அப்படின்னு ஒரு ஃபைலே இல்லன்னு. யாரோ அதே பத்து வரியை இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க.

அண்ணன் இப்பவும் அதே தொழிற்சாலைதான், இப்ப மெஷின்களும் வேற. ரெண்டும் நல்லாத்தான் ஓடுது, எதுல வேணா வைக்கலாம்னு நானே அவர்கிட்ட எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். "சரி தம்பி"ன்னு சொல்வார். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒண்ணாம் நம்பர் வரிசையிலதான் போய் நிப்பார்.